அறிவிப்பின் கடைசி வரி

விசாலத்துக்கு அடுத்த பரிசோதனை வரும் வியாழக்கிழமை. இன்னும் ஆறு நாள் இருக்கிறது. சிகிச்சை முடிந்து இருபத்திரண்டு மாதங்களில் ஏழு முறை மருத்துவமனைக்குப் போய் வந்துவிட்டோம். ஏழு முறையும் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து "ஒன்றும் இல்லை" என்றுதான் சொன்னார். எட்டாவது முறையும் அதையே சொல்வார் என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. வியாழக்கிழமைக்குப் பிறகு எனக்கு எழுதத் தெம்பு இருக்குமோ என்னவோ. அதனால் இந்த ஆறு நாளில் எழுதி முடித்துவிடப் பார்க்கிறேன்.

விசாலம் என் மனைவி. நாங்கள் திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள் ஒரு அக்ரஹாரத் தெருவில் குடியிருக்கிறோம். நான் வானிலை அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மழைமானியில் சேர்ந்த தண்ணீரைத் தினமும் காலையில் அளந்து ஏட்டில் எழுதுவது என் வேலை. அந்த எண்களைப் பார்த்து நாளைக்கு என்ன ஆகும் என்று சொல்வது வேறொருவர் வேலை. நான் எழுதுவதோடு சரி. பின்னால் வருவது புரிய இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் மாதவிலக்கு நாட்களில் பெண்கள் ஒதுங்கி இருப்பது வழக்கம். பின்கட்டில் ஒரு சின்ன அறையும், தனித் தட்டும் தம்ளரும் பாயும் அதற்கென்று உண்டு. நான்காம் நாள் தலைக்குக் குளித்த பிறகுதான் சமையலறைக்குள் வருவார்கள். அந்த மூன்று நாள் சமையல் என் பொறுப்பு. அதனால் கல்யாணமான வருஷத்திலிருந்தே, விசாலம் ஒதுங்கும் நாளில் சமையலறைக் காலண்டரில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். அவளுடைய ஐம்பத்திரண்டாம் வயதில் புள்ளிகள் நின்றன. ஐந்து வருஷமும் நான்கு மாதமும் காலண்டர் வெறுமையாக இருந்தது.

பிறகு ஒரு காலையில் பின்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள்.

"இங்கே பாருங்கோ, இன்னிக்கு நீங்கதான் சமைக்கணும்."

"ஏன், கை வலியா?"

"இல்லை. விலக்கு."

"இந்த வயசிலயா?"

"நானா வேண்டி வாங்கிண்டு வந்தேன்? வந்துடுத்து. அரிசி களைஞ்சு வெச்சிருக்கேன், உலை மட்டும் வெச்சா போரும்."

சிவப்புப் பென்சில் எங்கே போனதென்று தெரியவில்லை. தேடி எடுக்க நான்கு நிமிஷம் ஆனது. இது ஏன் வந்தது என்று அந்த நான்கு நிமிஷத்தில் ஒரு தடவைகூட நான் யோசிக்கவில்லை. ரசம் வைப்பதா மோர்க்குழம்பா என்பதுதான் என் யோசனை. பென்சில் கிடைத்தது. புள்ளி வைத்தேன்.

அதையும் சேர்த்து ஒன்பது மாதங்களில் பதினோரு புள்ளிகள் விழுந்தன. பன்னிரண்டு நாளில் ஒன்று, முப்பத்தொரு நாளில் ஒன்று, பிறகு ஒன்பது நாளில் ஒன்று. ஒழுங்கே கிடையாது. பக்கத்து வீட்டு மாமி இதை உஷ்ணம் என்றாள். விசாலம் ஊறவைத்த வெந்தயத்தை மோரில் கலந்து குடித்தாள். இடுப்பின் அடிப்பக்கம் வலித்தபோது அரைக்கல்லின்மேல் பழியைப் போட்டாள். சிவப்பு இல்லாத நாட்களில் தண்ணீர் போல் ஏதோ பட்டதையும், அதில் வாடை இருந்ததையும் யாரிடமும் சொல்லவில்லை. அதற்காகத் தினம் இரண்டு முறை குளித்தாள். நான் அதைச் சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த ஒன்பது மாதங்களுக்கு நடுவில்தான் எங்கள் தெருச் சமூக மண்டபத்தில் அந்த முகாம் நடந்தது. ஒரு மருத்துவக் குழுவினர் வந்து, முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயைப் பரிசோதிக்க ஒரு நாள் மண்டபம் கேட்டார்கள். மண்டபத்தின் செயலாளர் நான். பரிசோதனை எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். கர்ப்பப்பையின் கழுத்துப் பகுதியை ஒரு மரக்குச்சியால் லேசாக வருடி, குச்சியில் ஒட்டியதைக் கண்ணாடித் துண்டில் தடவி, நுண்ணோக்கி வழியே பார்ப்பார்கள். கத்தியும் கிடையாது, ஊசியும் கிடையாது. ஐந்து நிமிஷ வேலை. அங்கே புற்று வருவதற்குப் பல வருஷங்கள் முன்பே அணுக்கள் மாறத் தொடங்குமாம். அந்தக் கட்டத்தில் வலியோ வேறு அடையாளமோ ஒன்றும் இருக்காது. பரிசோதித்தால்தான் தெரியும்.

தமிழிலும் மலையாளத்திலும் அறிவிப்பை நானே எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். நாள், நேரம், கட்டணம் இல்லை என்பதெல்லாம் எழுதியாயிற்று. மண்டபத்தை ஒட்டி உற்சவச் சமையலுக்கான மடப்பள்ளி இருக்கிறது என்ற ஞாபகம் வந்தது. அதனால் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'விலக்கில் இருப்பவர்கள் மண்டபத்துக்குள் வர வேண்டாம்.'

மண்டபக் கமிட்டி அதைச் சொல்லவில்லை. மருத்துவக் குழுவும் சொல்லவில்லை. நானாக எழுதினேன்.

முகாம் அன்று வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்தேன். முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பின்கட்டுப் பக்கம் திரும்பிப் பெருமையோடு சொன்னேன். "முப்பத்தெட்டுப் பேர், விசாலம்! நீ ஏன் வரல்லை? டோக்கன்ல உன் பேரைக் காணோமே?"

"நான் எங்கே வர்றது? காத்தாலே நீங்க கிளம்பினப்புறம்தான் ஒதுங்கினேன்."

"சரி, அடுத்த தடவை பாத்துக்கலாம்."

அது ஐந்தாவது புள்ளி.

எங்களுக்கு ஒரே பெண், ராஜி. கழக்கூட்டம் என்ற இடத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அங்கேயே புருஷனோடு வாடகை ஃபிளாட்டில் இருக்கிறாள். சனிக்கிழமைகளில் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போவாள். பதினோராவது புள்ளி விழுந்தது ஒரு சனிக்கிழமை. வந்தவள், வாசலில் நின்றபடியே, பின்கட்டில் தனித் தட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னம்மா இது, சின்னக் குட்டி மாதிரி மூலையில ஒதுங்கி இருக்கே? வயசு திரும்பறதா?"

"போடி, உனக்கு எல்லாம் தமாஷ்."

சிரித்துக்கொண்டே ஒரு காலணியைக் கழற்றிய ராஜி, இன்னொரு காலணியைக் கழற்றவில்லை. "அம்மா, உனக்கு நின்னு எத்தனை வருஷம் ஆச்சு?"

"அஞ்சு இருக்கும். அப்பாவைக் கேளு, அவர்தான் கணக்கு."

"அப்பா, இது எத்தனாவது தடவை?"

"பதினொண்ணு," என்றேன். எண்ணைச் சரியாகச் சொன்ன திருப்திகூட அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்தது.

ராஜி ஒற்றைக் காலில் காலணியோடு என்னைப் பார்த்து நின்றாள். "நின்னு போனதுக்கு அப்புறம் ஒரு துளி வந்தாலும் டாக்டரைப் பார்க்கணும்னு எங்க ஆபீஸ் கேன்டீன்ல போஸ்டர் ஒட்டியிருக்கா, அப்பா. ஒரு துளி. நீங்க பதினொண்ணு வரைக்கும் எண்ணிண்டு உட்கார்ந்திருந்தேளா?"

திங்கட்கிழமை டாக்டரிடம் போனோம். அவர் மலையாளி அம்மாள், ஐம்பது வயது இருக்கும். எங்களுக்காகத் தமிழ் கலந்து பேசினார். உள்ளே பார்த்துவிட்டு வந்து கை கழுவினார். அதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றியது. இருபத்தாறு வரை எண்ணினேன். பிறகுதான் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இது எத்ர நாளாயிட்டு உண்டு? ஏகதேசம் சொன்னால் மதி, சாரே."

எத்தனை நாளாக என்று தோராயமாகச் சொன்னால் போதும் என்கிறார். தோராயம் என்னிடம் கிடையாது. சட்டைப் பையிலிருந்து மடித்த காலண்டர் தாள்களை எடுத்து மேஜைமேல் பரப்பினேன். ஒன்பது தாள், பதினோரு புள்ளிகள். டாக்டர் ஒவ்வொரு புள்ளியிலும் விரல் வைத்து நகர்ந்தார்.

"இத்ர கிருத்யமாயிட்டு யாரும் எழுதிக்கொண்டு வந்து நான் கண்டிட்டில்ல," என்றார். இவ்வளவு துல்லியமாக எழுதி வந்தவரை அவர் பார்த்ததே இல்லையாம். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "எழுதினீங்க, சரி. கொண்டு வர ஏன் இவ்வளவு தாமசம்?"

ஐந்தாவது புள்ளியைக் காட்டி, "அன்று எங்கள் மண்டபத்தில் முகாம் நடந்தது," என்றேன். "அன்று இவள் வந்திருந்தால்?"

"ரத்தம் உள்ள நாளில் ஸ்மியர், அந்தக் குச்சிப் பரிசோதனை, எடுக்க மாட்டோம். ஆனால் ரத்தம் வருதுன்னு வாயால சொல்லியிருந்தாலே மதியாயிருந்து. அன்றைக்கே கூட்டிக்கொண்டு போயிருப்பாங்க."

எந்த நாளில் உள்ளே வராதே என்று நான் எழுதினேனோ, அந்த நாளில் வந்து சொல்லியிருந்தாலே போதும் என்கிறார்.

கர்ப்பப்பை வாயிலிருந்து மிளகு அளவு சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அன்று விசாலத்துக்கு ரத்தம் அதிகமாகப் போனது. கட்டிலிலிருந்து இறங்க முடியவில்லை. நர்ஸ் வேறு பக்கம் போயிருந்தாள். நான் கையை நீட்டினேன்.

"தொடாதேங்கோ, விலக்கு," என்றாள் விசாலம், பழக்க தோஷத்தில். முப்பத்தாறு வருஷத்தில் அவளுக்கு ரத்தம் போன ஒரு நாளிலும் நான் அவள் கையைப் பிடித்ததில்லை. அன்று பிடித்தேன். கை ஐஸ் போல இருந்தது. வாசலில் நின்ற ஆட்டோ வரை நாற்பத்தேழு அடி. விடவில்லை.

முடிவு வர ஒன்பது நாள் ஆனது. அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. வாசலில் தபால்காரர் மணியடித்தாலும் எழுந்து ஓடினேன். முடிவு தபாலில் வராது என்று தெரிந்தும்தான். ஒன்பதாம் நாள் டாக்டர் சொன்னார்: புற்றுதான். கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுக்களுக்குக் கொஞ்சம் பரவியிருந்தது. இடுப்பெலும்பின் சுவர் வரை எட்டவில்லை. அதற்கு இரண்டாம் நிலை என்று பெயர். அறுவை சிகிச்சையின் கட்டம் தாண்டிவிட்டது. கதிர்வீச்சும் மருந்தும்தான் வழி. குணமாக வாய்ப்பு உண்டு, உறுதி சொல்ல முடியாது என்றார். எத்தனை சதவீதம் என்று கேட்க வாய் திறந்தேன். ராஜி என் முழங்கையை அழுத்தினாள். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு எண்ணைக் கேட்காமல் எழுந்து வந்தேன்.

ஏன் வந்தது என்பதையும் டாக்டர் விளக்கினார். ஒரு வைரஸ் கிருமிதான் காரணம். ஆண்-பெண் உறவில் தொற்றும். நிறைய பேருக்கு வந்து தானாகவே போய்விடும், சிலரிடம் மட்டும் பல வருஷம் தங்கிவிடும். விசாலமும் ராஜியும் வெளியே போன பிறகு நான் தனியாகத் திரும்பி உள்ளே சென்றேன். "டாக்டர், அப்படியென்றால் என்னிடமிருந்தா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "சாரே, அது யாராலும் சொல்ல முடியாது. ஜலதோஷம் யாரிடமிருந்து வந்ததுன்னு தேடுவோமா? இனி செய்ய வேண்டியதைப் பாருங்க," என்றார். சரிதான். ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது.

புற்றுநோய் மருத்துவமனையில் வெளிக் கதிர்வீச்சு இருபத்தைந்து முறை, வாரத்துக்கு ஐந்து நாள். வாரம் ஒருமுறை நரம்பில் மருந்தும் ஏற்றினார்கள். காத்திருக்கும் கூடத்தில் எல்லோரும் இதற்குக் 'கரண்ட்' என்றே சொன்னார்கள். உண்மையில் மின்சாரம் பாய்ச்சுவதில்லை. எக்ஸ்ரே போன்ற, அதைவிடப் பல மடங்கு வலுவான கதிர் அது. மேஜையில் படுத்தால் இரண்டு மூன்று நிமிஷம். அந்த நேரம் வலி தெரியாது. நாள் ஆக ஆகத்தான் அது தன் வேலையைக் காட்டும். மூன்றாம் வாரத்திலிருந்து விசாலத்துக்கு வயிற்றுப்போக்கும், சிறுநீர் போகும்போது எரிச்சலும், எழுந்து நிற்க முடியாத களைப்பும். கஞ்சியும் மோரும் மட்டும் தங்கின.

கூடத்தில் எங்களுக்குப் பக்கத்து நாற்காலி செல்லத்துரையுடையது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சாலை என்ற கடைத்தெருவில் மூட்டை தூக்குபவர். அவர் மனைவிக்கும் இதே வியாதிதான். அவளுக்கு வாடை வந்து ஒரு வருஷம் கழித்துத்தான் டாக்டரிடம் வந்தார்களாம்.

"சாருக்கு இன்னிக்கு எத்தனாவது கரண்டு?" என்பார் தினமும்.

"ஒன்பதாவது."

"எங்களுக்கு பதினொண்ணு. ரெண்டு கரண்டு நாங்க முன்னால நிக்கோம்." பிறகு மேலே பார்த்து, "ஃபேனு எத்தனைன்னு எண்ணியாச்சா சார்?"

"ஆறு. ஒன்று ஓடவில்லை."

"அட, அதயும் எண்ணியாச்சா! ஏ பிள்ள, கேட்டியா, சார் ஓடாத ஃபேனையும் எண்ணிட்டாரு!" என்று மனைவியிடம் சொல்வார். அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அவளோடு விசாலமும் சிரிப்பாள். அந்தக் கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது அநேகமாக எங்கள் மூலையில்தான்.

விசாலத்துக்குப் பதினேழாவது முறை நடந்த நாளில் அந்த இரண்டு நாற்காலிகளும் காலியாக இருந்தன. மறுநாளும் அப்படியே. சாலைக் கடைத்தெருவுக்குப் போய் அவர் வேலை பார்த்த மண்டியில் விசாரித்தேன். "ஊருக்குப் போயிட்டாங்க" என்பதற்கு மேல் அவர்களுக்கும் தெரியவில்லை. அவர் மனைவிக்குப் பதினெட்டோடு நின்றிருக்க வேண்டும்; இன்னும் ஏழு மிச்சம். அந்த ஏழு நடந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விசாலம் கேட்டபோது, அவர்களுக்கு நேரம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை.

ராஜி தினமும் மத்தியானம் இரண்டு பஸ் மாறி வந்து, தம்பானூர் பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவில் ஏறி, பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டு வருவாள். விசாலம் இரண்டு ஸ்பூன் குடித்துவிட்டு மீதியை எனக்குத் தருவாள். தம்ளர் தனி, தட்டு தனி என்ற கணக்கெல்லாம் அந்தக் கூடத்தில் மறைந்துவிட்டது. எப்போது மறைந்தது என்று நான் குறித்து வைக்கவில்லை. செலவுக்கு ராஜி தன் நகையை அடகு வைக்கக் கிளம்பினாள்; என் சேமிப்பே போதுமானதாக இருந்ததால் அதற்குத் தேவை வரவில்லை.

கடைசியில் உள்கதிர் சிகிச்சை. கதிர் வீசும் பொருளைக் குழாய் வழியாகக் கர்ப்பப்பை வாய்க்குள்ளேயே வைப்பார்கள். ஒரு நாள் முழுக்க அசையாமல் தனியறையில் கிடக்க வேண்டும். அருகில் யாரும் இருக்கக் கூடாது. கனத்த கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. அதன் வழியாக அவளுடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. விரல் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை வெகுநேரம் அசையவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு வந்தேன். "அம்மா உறங்குவதாணு அப்பாவே, பேடிக்கல்லே," என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். பயப்படாதே என்று யார் சொன்னாலும் எனக்குப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்றாம் வாரம், தைரியத்தை வரவழைத்துக்கொண்டு விசாலத்திடம் சொன்னேன். "அந்த நோட்டீஸில் கடைசி வரி எழுதினது நான்தான்."

"தெரியும். உங்க கையெழுத்து நேக்குத் தெரியாதா?"

"அதைப் படிச்சுட்டா நீ வரல்லை?"

பாயில் திரும்பிப் படுத்தாள். "நீங்க எழுதாம இருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன். வழக்கம் அப்படி ஆக்கும். சும்மா இருங்கோ."

அது உண்மையா, என் மனம் நோகக் கூடாதென்று சொன்னதா என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் தடவை கேட்கும் துணிவும் இல்லை.

ராஜி பரிசோதனை செய்துகொண்டாள், ஒன்றும் இல்லை. இனி சில வருஷங்களுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும். இதைப் படிப்பவர்களுக்கும் நான் கற்றதைச் சொல்கிறேன். விலக்கு நின்றபின் வரும் ரத்தம் எதுவானாலும் அது விலக்கு இல்லை. இரண்டு விலக்குக்கு நடுவில் வந்தாலும், உறவுக்குப் பின் வந்தாலும், வாடையோடு நீர் போனாலும் காட்டிவிடுங்கள். பெரும்பாலும் வேறு ஏதோ சின்னக் காரணமாக இருக்கும். அதை டாக்டர் சொல்லட்டும். எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் பரிசோதனைக்குப் போங்கள்.

போன வாரம் அதே மருத்துவக் குழு மறுபடியும் மண்டபம் கேட்டு வந்தது. முகாம் வருகிற புதன்கிழமை, எங்களுடைய வியாழனுக்கு முந்தின நாள். கமிட்டியில் ஒருவர், "பழைய நோட்டீஸையே காப்பி பண்ணிடலாமே, சார்?" என்றார். முடியாது என்றேன். மடப்பள்ளியைப் பற்றி ஆரம்பித்தார். மடப்பள்ளிக் கதவுக்குப் பூட்டு இருக்கிறது, சாவி என்னிடம் இருக்கிறது, ஒரு நாள் பூட்டி வைத்தால் தெய்வம் கோபித்துக்கொள்ளாது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

நேற்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். நாள், நேரம், கட்டணம் இல்லை. கடைசியில் இப்படி: 'ரத்தப்போக்கு உள்ளவர்கள் அவசியம் உள்ளே வர வேண்டும். அவர்களுக்கே முதல் டோக்கன்.' இதற்குச் சிவப்புப் பென்சிலை எடுத்தேன்.

விசாலம் சமையலறையிலிருந்து வந்து, என் தோளுக்குமேல் குனிந்து இரண்டு தடவை படித்தாள். வியாழக்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தாளோ என்னவோ. நான் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

"இத்தனை பொடியா எழுதினா யாருக்குக் கண்ணு தெரியும்?" என்றாள். "கடைசி வரியைப் பெரிசா எழுதுங்கோ. நம்மாத்து வாசல்லேர்ந்தே படிக்கணும்."